அமெரிக்கப் பள்ளியில் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ரா 1-இல் (இயற்கணிதம்) சி கிரேடு: ஒன்பதாம் வகுப்பில் ஜியோமெட்ரி (வடிவியல்) எடுக்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். உங்கள் மகள் அல்ஜீப்ரா 1-ஐயே மறுபடி படிக்கட்டும். சி கிரேடுடன் ஜியோமெட்ரியைக் கடந்துவிடலாம். அல்ஜீப்ரா 2-இல்தான் திணறுவாள்.

வீட்டுப்பாடத்தில் நல்ல மதிப்பெண், தேர்வில் குறைவு என்கிறீர்கள். படிகளை மனப்பாடம் செய்திருக்கலாம்.

சோதித்துப் பாருங்கள்: (2, 3), (6, 11) வழியே செல்லும் கோட்டின் சமன்பாட்டை நோட்டைப் பார்க்காமல் எழுதச் சொல்லுங்கள். சாய்வு 2 என்று கண்டுபிடித்தால் மட்டும் போதாது, ஏன் என்றும் விளக்க வேண்டும். தயங்காமல் விளக்கினால் ஜியோமெட்ரிக்கே அனுப்புங்கள், நான் தடுக்க மாட்டேன்.

ஒன்று கவனியுங்கள். மறுபடி படித்தால் வழக்கமான வரிசையில் (அல்ஜீப்ரா 1, ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2) பன்னிரண்டாம் வகுப்பில் பிரிகால்குலஸ்தான் வரும், அதாவது கால்குலஸுக்கு (நுண்கணிதம்) முந்தைய பாடம். கால்குலஸ் வேண்டுமென்றால் பத்தாம் வகுப்பில் ஜியோமெட்ரியையும் அல்ஜீப்ரா 2-ஐயும் சேர்த்து எடுக்க முடியுமா, பழைய சி உயர்நிலைப் பள்ளி மதிப்பெண் பட்டியலில் ஏறுமா என்று பள்ளி ஆலோசகரிடம் (கவுன்சிலர்) கேளுங்கள். இவை பள்ளி மாவட்டத்துக்குப் பள்ளி மாவட்டம் மாறும்.