ஹெல்மெட் போடல, சம்பள ஸ்லிப்பும் இல்ல: விபத்து இழப்பீடு கிடைக்குமா?

கேள்வி: என் வீட்டுக்காரர் பெயிண்டர், வயசு 38. ஏழு வாரம் முன்னாடி பைக்ல வேலைக்குப் போறப்ப பின்னாடி வந்த கார் இடிச்சு வலது கால் எலும்பு ரெண்டு இடத்துல உடைஞ்சு பிளேட் வச்சிருக்காங்க. ஹெல்மெட் போடல. சம்பள ஸ்லிப்பும் கிடையாது. கார்க்காரர் 60,000 தரேன், பத்திரத்துல கையெழுத்துப் போடுங்கன்றார். ஆஸ்பத்திரிக்கு வந்த ஒருத்தர் எல்லாம் நான் பாத்துக்கறேன், வர்றதுல 30 சதவீதம் குடுங்கன்றார். ஹெல்மெட் போடாததால கேஸே நிக்காதுன்னு ரெண்டு பேருமே சொல்றாங்க. ஸ்டேஷன்ல சிஎஸ்ஆர் மட்டும் குடுத்தாங்க. என்ன செய்யறது சார்?

பதில்: கையெழுத்துப் போடாதீங்கம்மா. கார்க்காரர் பத்திரத்துலயும் போடாதீங்க, அந்த 30 சதவீத ஆள் நீட்டற பேப்பர்லயும் போடாதீங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

முதல்ல ஹெல்மெட் விஷயம், ஏன்னா இதைச் சொல்லித்தான் உங்களை பயமுறுத்தி வச்சிருக்காங்க. ஹெல்மெட் போடாதது தப்பு, அபராதம் உண்டு, அது தனி. இழப்பீட்டுல கோர்ட் பாக்கறது, இவர் செஞ்ச தப்பால விபத்து நடந்துச்சா, இல்ல காயம் பெருசாச்சா, அவ்வளவுதான். பின்னாடி வந்து இடிச்சது கார், உடைஞ்சது கால். தலையில ஹெல்மெட் இருந்திருந்தா கால் உடையாம இருந்திருக்குமா? இதே தலையில அடின்னா இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் எழுந்து நிப்பார், இழப்பீட்டுல ஒரு பங்கு குறையவும் வாய்ப்பு உண்டு, அப்பவும் குறையுமே தவிர கேஸ் விழாது. பைக்ல மூணு பேர் போன கேஸ்லயே, அது விதிமீறல்தான், ஆனா அதனாலதான் விபத்து நடந்துச்சுன்னு காட்டாம இழப்பீட்டைக் குறைக்க முடியாதுன்னு உச்ச நீதிமன்றம் 2020-ல சொல்லிருக்கு. அதனால ஹெல்மெட்டை மனசுல இருந்து எடுத்துருங்க.

இப்ப அந்த 30 சதவீத ஆளைப் பத்தி. 25 வருஷமா பாக்கறேன், எமர்ஜென்சி வார்டு வாசல்ல நோயாளிக்கு முன்னாடி இவங்க வந்து நிக்கறாங்க. வர்ற தொகையில இத்தனை சதவீதம்னு ஃபீஸ் பேசறது வக்கீலுக்கே தடை, பார் கவுன்சில் விதியில தெளிவா இருக்கு, அப்படி இருக்கப்ப வக்கீலே இல்லாத ஒருத்தருக்கு 30 எதுக்கு? வெத்து வக்காலத்துல கையெழுத்து வாங்குவாங்க, உங்க பேர்லயே அக்கவுண்ட் ஆரம்பிச்சு பாஸ்புக்கையும் கையெழுத்துப் போட்ட செக்கையும் அவங்களே வச்சுப்பாங்க, எவ்வளவு வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியாது. ஒரு கால் போன லோடுமேன் என்கிட்ட வந்தப்ப அவர் கையில இருந்தது 90,000, தீர்ப்பு நகல் எடுத்துப் பாத்தா நாலரை லட்சம். அதுக்கப்புறம் யார்கிட்ட போய் கேக்கறது? வக்கீலை நீங்களே நேரா கோர்ட்டுல போய்ப் பாருங்க, ஃபீஸைப் பேசி எழுதி வாங்குங்க, பாஸ்புக்கை யார்கிட்டயும் குடுக்காதீங்க.

கார்க்காரர் 60,000-ங்கறது ஏன் கம்மின்னு கணக்கு போட்டுக் காட்டறேன். மாசம் 15,000 வருமானம்னு கோர்ட் எடுத்துக்கிட்டா, 40 வயசுக்குக் கீழ சொந்தத் தொழில் பண்றவருக்கு எதிர்காலத்துல கூடும்னு 40 சதவீதம் சேப்பாங்க, 21,000 ஆச்சு. வருஷத்துக்கு 2,52,000. 38 வயசுக்குப் பெருக்கற எண் 15, ஆக 37,80,000. கால் ஊனத்தால சம்பாதிக்கற சக்தி 40 சதவீதம் போச்சுன்னா 15,12,000. ஆஸ்பத்திரி செலவு, வேலைக்குப் போகாத மாசங்க, வலி வேதனை எல்லாம் இதுக்கு மேல.

சம்பாதிக்கற சக்தி 40 சதவீதம் போச்சுன்னு சொன்னேனே, அந்த 40-ங்கறது மெடிக்கல் போர்டு சர்டிபிகேட்ல இருக்கற நம்பரா இருக்கணும்னு அவசியமில்ல. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: ஒரே மாதிரி கை போனாலும் டிரைவருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போச்சு, அரசு ஆபீஸ் கிளார்க்குக்கு வேலை அப்படியே இருக்கலாம். உங்க வீட்டுக்காரர் ஏணி ஏறி சாரத்துல நின்னு வேலை பாக்கறவர். சர்டிபிகேட்ல 40 இருந்தாலும் பிழைப்புல நஷ்டம் 60-ன்னு வாதாடலாம், அப்படி ஏத்துக்கிட்டா 22,68,000. இதைக் கேக்காமயே நிறைய கேஸ் முடிஞ்சு போகுது.

சம்பள ஸ்லிப் இல்லேன்னா கேஸ் நிக்காதுன்னு இல்ல. கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய கார்டு, மேஸ்திரி கூலி எழுதின நோட்டு, ஜிபேல வந்த பணம், கூட வேலை பாத்தவர் சாட்சி, எதெல்லாம் இருக்கோ சேத்து வைங்க. எதுவுமே இல்லேன்னாலும் கோர்ட் ஒரு தொகையை வச்சுப் பாக்கும், ஆனா கம்மியா வைக்கும்.

இன்னொரு வலை. மோட்டார் வாகனச் சட்டம் 164-வது பிரிவுல படுகாயத்துக்கு ரெண்டரை லட்சம் உண்டு, யார் தப்புன்னு நிரூபிக்க வேண்டாம். சீக்கிரம் வந்துரும்னு அதை வாங்க வைப்பாங்க. வாங்கிட்டா அதே சட்டம் 166-வது பிரிவுல முழு இழப்பீடு கேக்கற வழி அடைபட்டுடும்.

சிஎஸ்ஆர்னா மனு வாங்கினோம்னு ரசீது, எஃப்ஐஆர் இல்ல. படுகாயத்துக்கு எஃப்ஐஆர் போடாம சிஎஸ்ஆரோட அனுப்பறது எனக்கு ரொம்பக் கோபம் வர்ற விஷயம். 2022-ல வந்த விதிப்படி போலீஸே 48 மணி நேரத்துல முதல் அறிக்கையும் 90 நாள்ல முழு அறிக்கையும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு (இவ்வளவு நேரம் கோர்ட்னு சொன்னது இதைத்தான்) அனுப்பணும், அதையே மனுவா எடுத்துக்கலாம்னும் சட்டம் சொல்லுது. நடக்கறது என்னன்னா, உடைஞ்ச காலோட குடும்பம் ஸ்டேஷனுக்கு அலையுது. விபத்து நடந்து ஆறு மாசத்துக்குள்ள மனு போடணும்னு பாதிக்கப்பட்டவருக்கு கெடு வச்சாங்க, அறிக்கை அனுப்பாதவங்களை யாரும் கேக்கறதில்ல. நீங்க மாவட்ட போலீஸ் எஸ்பிக்கு, போய்ச் சேந்ததுக்கு அத்தாட்சி கேட்டு ஸ்பீட் போஸ்ட்ல புகார் அனுப்புங்க, அசையலேன்னா மாஜிஸ்திரேட்கிட்ட போகலாம். அதுக்காகக் காத்திருக்காம நாலாவது மாசத்துக்குள்ள மனுவைப் போட்ருங்க. நீங்க குடியிருக்கற ஊர் தீர்ப்பாயத்துலயே போடலாம், விபத்து நடந்த ஊருக்கு அலைய வேண்டாம்.

இந்த வாரமே ஆஸ்பத்திரியில ஏஆர், அதாவது விபத்துப் பதிவேட்டுக் காப்பி எழுதிக் கேட்டு வாங்குங்க. முதல்ல கொண்டு போனப்ப டாக்டர் எழுதின வரி அதுல இருக்கும். கூட்டிட்டுப் போனவர் பதட்டத்துலயோ யாரோ சொல்லியோ "பைக்ல இருந்து தானா விழுந்தார்"னு சொல்லியிருந்தா அப்படியே எழுதியிருப்பாங்க, பின்னாடி கார்க்காரர் தரப்பு அந்த ஒரு வரியைத்தான் பிடிச்சுக்கும். அப்படி இருந்தா மறைக்காம உங்க வக்கீல்கிட்ட முதல் நாளே சொல்லிடுங்க, விபத்தைப் பாத்தவங்க சாட்சியை வச்சு சரி பண்ணலாம். மருந்துக்கடை பில்லு சீக்கிரம் வெளுத்துப் போகும், எல்லாத்தையும் இன்னைக்கே ஜெராக்ஸ் எடுத்து ஒரிஜினலோட சேத்து பின் பண்ணி வைங்க.