படிகம் பிரிந்ததா, மேலோடு கலந்ததா? தக்காண பசால்ட் பற்றிய பதில்

வணக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையில் எடுத்த தக்காண பசால்ட்டில் (பழைய எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை) சிலிக்கா ஏற ஏற பொட்டாசியமும் ஏறுகிறது, எனவே குழம்பு மேலே வரும் வழியில் பூமியின் மேலோட்டுப் பாறை அதில் கலந்திருக்கிறது என்று எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதை மட்டும் வைத்து எழுதாதீர்கள். ஆலிவின், பைராக்சீன், பிளேஜியோகிளேஸ் ஆகிய கனிமங்கள் படிகமாகிப் பிரிந்தாலே மிஞ்சிய குழம்பில் பொட்டாசியம் சேர்ந்துவிடும். போதாததற்கு, பாறை சிதையும்போது முதலில் இடம்பெயரும் தனிமங்களில் அதுவும் ஒன்று.

ஸ்ட்ரான்சியம் 87/86 விகிதத்தைப் பாருங்கள், அதாவது அந்தத் தனிமத்தின் இரண்டு ஐசோடோப்புகளின் (எடை வேறுபட்ட அணுவகைகளின்) விகிதம். படிகம் எவ்வளவு பிரிந்தாலும் அது மாறாது. பழைய கிரானைட் வகைப் பாறை கரைந்து கலந்தால் உயரும். தக்காண லாவா அடுக்குகளில், கலப்பு மிகக் குறைந்த அம்பேனாளி அடுக்கில் அது 0.704 அருகே, புஷே அடுக்கில் 0.713-க்கும் மேல். எனக்கு மிகவும் பிடித்த சங்கதி, புஷேயில் மெக்னீசியம் கூடிய, அதாவது அதிகச் சூடாக இருந்த, லாவாவில்தான் கலப்பும் அதிகம். சூடான குழம்பு போகும் வழியில் சுவராக இருந்த மேலோட்டுப் பாறையை அதிகமாகக் கரைத்திருக்கிறது என்பதே பொருத்தமான விளக்கம். ஆகவே மெக்னீசியத்துக்கு எதிராக இந்த விகிதத்தைக் கட்டாயம் வரைந்து பாருங்கள்.

ஐசோடோப்பு வசதி இல்லையென்றால் நியோபியம்/லாந்தனம் விகிதம் உதவும். மேலோடு கலந்தால் அது இறங்கும். சோதனைக்காகப் பாறையைப் பொடியாக்கும் முன் சில்லுகளை லென்ஸ் வைத்துப் பார்த்து, குமிழித் துளைகளில் வெள்ளையாக அடைத்திருக்கும் சியோலைட் என்ற பிற்காலக் கனிமத்தைப் பொறுக்கி எறியுங்கள். அரைக்க அகேட் கிண்ணம் நல்லது. டங்ஸ்டன் கார்பைடு கிண்ணத்திலிருந்து டாண்டலமும் கொஞ்சம் நியோபியமும் மாதிரியில் ஏறிவிடும்.