வெளிநாட்டுல சில மாசம் தங்கும்போது குட்டி சமையல் கிளாஸ் எங்க தேடுறது? – கேள்வி பதில்

வெளிநாட்டுல நாலஞ்சு மாசம், ஒரு வருஷம்னு தங்கப் போறவங்க கேட்டதுக்கெல்லாம் வரிசையா பதில் போடுறேன். ஒரே மாதிரி இருந்த கேள்விங்கள ஒண்ணா சேர்த்துட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, வீட்டுக்காரர் ப்ராஜெக்ட்டுக்காக ஜெர்மனி வந்திருக்கோம், எட்டு மாசம் இருப்போம். தேடினா எல்லாமே டூரிஸ்ட் கிளாஸா வருது, மூணு மணி நேரத்துக்கு அவங்க கேக்குற காச பாத்தா தலை சுத்துது. வேற வழியே இல்லையா?

பதில்: இருக்கும்மா. நீங்க இங்கிலீஷ்ல தேடிருப்பீங்க, அப்படி தேடினா ரெண்டு நாள் வந்துட்டு போறவங்களுக்காக போட்ட கிளாஸ்தான் மேல வந்து நிக்கும். எட்டு மாசம் இருக்கப் போறவங்க, அந்த ஊர்க்காரங்க சாயங்காலம் வேலை முடிஞ்சு எங்க போய் கத்துக்குறாங்கன்னு பாக்கணும். ஜெர்மனில அது ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே, அதாவது பெரியவங்களுக்கு வகுப்பு நடத்துற பொது மையம், எல்லாரும் சுருக்கமா ஃபௌ-ஹா-எஸ்னுதான் (VHS) சொல்லுவாங்க, நாடு முழுக்க 800க்கு மேல இருக்கு, சின்ன டவுன்ல கூட ஒண்ணு இருக்கும். ஊராட்சி, மாநில அரசு காசு உள்ள வர்றதால ஃபீஸ் கம்மி. ஒரே ஒரு சாயங்காலம் மட்டும் நடக்குற கிளாஸும் இருக்கும், நாலஞ்சு வாரம் போறதும் இருக்கும். ஆனா செமஸ்டர் கணக்கு, ஒண்ணு பிப்ரவரி மார்ச் வாக்குல, இன்னொண்ணு செப்டம்பர் வாக்குல, புது லிஸ்ட் வந்த உடனே பேர் குடுத்துடுங்க, நல்ல கிளாஸ் எல்லாம் சீக்கிரம் ஃபுல் ஆயிடும். ஃபீஸ் போக சாமான் செலவுன்னு தனியா ஒரு தொகை வரும், அதை நெறைய இடத்துல கிளாஸ்லயே டீச்சர் கையில ரொக்கமா குடுக்கணும். ஏப்ரன், கைத்துண்டு, மிச்சத்த எடுத்துட்டு போக டப்பா, இதெல்லாம் நாமதான் கொண்டு போகணும், முடிஞ்சதும் பாத்திரமும் நாமதான் கழுவணும். இன்னொரு விஷயம், ஆள் சேரலைன்னா கிளாஸ கேன்சல் பண்ணிடுவாங்க, அதனால ஒண்ணுக்கு ரெண்டா பாத்து வெச்சுக்கோங்க.

கேள்வி: ஆனா எனக்கு ஜெர்மன் சுத்தமா வராதே?

பதில்: நம்பர், கிராம், நறுக்கு, கிளறு, அடுப்ப குறை, இவ்ளோதான் வேணும், ஒரு வாரத்துல வந்துடும். மிச்சத்த பக்கத்துல நிக்கிறவங்க கைய பாத்து பண்ணலாம். முன்னாடியே ஆஃபீஸுக்கு ஒரு மெயில் போட்டு எனக்கு மொழி கொஞ்சம்தான் வரும்னு சொல்லிட்டா டீச்சரே ஒரு நல்ல ஜோடியா பாத்து சேர்த்து விடுவாங்க. மொழி கிளாஸ்ல வாயே திறக்காதவங்க கூட இங்க உப்பு போதுமா போதாதான்னு சண்டை போடுற அளவுக்கு பேச ஆரம்பிச்சிடுறாங்க.

கேள்வி: மத்த நாட்டுல இதுக்கு என்ன பேர்ல தேடணும்?

பதில்: நெதர்லாந்துல ஃபோல்க்ஸ்யுனிவர்சிடைட், டென்மார்க்ல ஆஃப்டன்ஸ்கோலே, ஃபின்லாந்துல கன்சலைஸ்ஒபிஸ்டோ, ஸ்வீடன்ல மெட்போர்யார்ஸ்கோலன் மாதிரி இடங்க, எல்லாம் கிட்டத்தட்ட ஒரே ஜாதிதான், பெரியவங்களுக்கான சாயங்கால வகுப்பு. யூகேல கவுன்சில் நடத்துற அடல்ட் லேர்னிங் பாருங்க. அமெரிக்கால கம்யூனிட்டி காலேஜ்ல கன்டினியூயிங் எஜுகேஷன்னு ஒரு பிரிவு இருக்கும், அதுல நான்-கிரெடிட் கிளாஸ், அதாவது பட்டத்துக்கு கணக்குல சேராத கிளாஸ் தேடுங்க, ஊர் பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன் டிபார்ட்மென்ட்டும் நடத்துவாங்க. ஃபிலடெல்ஃபியால பப்ளிக் லைப்ரரிக்குள்ளேயே 2014ல ஒரு சமையல் சென்டர் திறந்தாங்க, லைப்ரரில அடுப்பான்னு கேக்காதீங்க, நெஜமாவே இருக்கு. சிங்கப்பூர்ல கம்யூனிட்டி கிளப். ஆஸ்திரேலியால டேஃப்ன்ற (TAFE) அரசு தொழிற்பயிற்சி காலேஜ், மெல்போர்ன்னா வில்லியம் ஆங்லிஸ் இன்ஸ்டிட்யூட்ல ஷார்ட் கோர்ஸ். ஜப்பான்ல கோமின்கான்னு ஏரியாவுக்கு ஏரியா பொது மண்டபம் இருக்கும், நெறையதுல சமையல் ரூம் இருக்கும், அதுபோக ஊர்ல இருக்கிற இன்டர்நேஷனல் எக்ஸ்சேஞ்ச் அசோசியேஷன் வெளிநாட்டுக்காரங்களையும் சேர்த்து சமையல் கூட்டம் வைப்பாங்க. அங்க ஒரு தடவ போனீங்கன்னா அடுத்த பத்து இடத்த அந்த ஆன்ட்டிங்களே சொல்லிடுவாங்க.

கேள்வி: மேடம், அம்மா விசிட்டர் விசால எங்ககிட்ட அமெரிக்கா வந்திருக்காங்க, பொழுது போகலைன்றாங்க. கேக் கிளாஸ்ல சேர்த்தா விசா பிரச்சினை வருமா?

பதில்: வராதுங்க. பி-2ல, அதாவது அம்மா வந்திருக்கிற விசிட்டர் விசால, பட்டத்துக்கு கிரெடிட் சேராத, பொழுதுபோக்குக்கான குட்டி கோர்ஸ் ஓகேன்னு அமெரிக்க வெளியுறவுத்துறையான ஸ்டேட் டிபார்ட்மென்ட்டே எழுதியிருக்கு, அதுக்கு அவங்க குடுத்த உதாரணமே ரெண்டு நாள் சமையல் கிளாஸ்தான். அம்மாவ தாராளமா சேர்த்து விடுங்க. சர்ட்டிஃபிகேட்டோட மாசக்கணக்குல போற ப்ரொஃபஷனல் கோர்ஸ்னா அது வேற கதை, தொடாதீங்க. மத்த நாடு கேட்டவங்களுக்கும் இங்கயே சொல்லிடுறேன், யூகே விசிட்டரா இருந்தா பொழுதுபோக்கு கோர்ஸ் 30 நாள் வரைக்கும், ஆஸ்திரேலியா விசிட்டர் விசால படிப்பு 3 மாசம் வரைக்கும், கனடால 6 மாசத்துக்குள்ள முடியுற கோர்ஸுக்கு ஸ்டடி பெர்மிட் வேணாம், ஆனா உங்களுக்கு தங்க குடுத்த தேதிக்குள்ள முடியணும். இந்த விதியெல்லாம் மாறிட்டே இருக்கும், காசு கட்டுறதுக்கு முன்னாடி அந்த நாட்டு அரசு சைட்ல ஒரு தடவ பாத்துடுங்க.

கேள்வி: அண்ணா ஒருத்தர் சொன்னாரு, பாரிஸ்ல இருந்துட்டு லு கோர்டன் ப்ளூ போகலைன்னா வேஸ்ட்டுன்னு. ஆறு மாசம் இருக்கேன், போலாமா?

பதில்: 1895ல ஆரம்பிச்ச சமையல் ஸ்கூல், பேருக்கு குறை சொல்ல முடியாது, டிப்ளமோ இல்லாம சில மணி நேரம், சில நாள் கிளாஸும் வெச்சிருக்காங்க. ஆனா பேர பாத்து புக் பண்ணாதீங்க, டெமோவா, கையால செய்யுறதான்னு பாருங்க. டெமோன்னா செஃப் செய்வாரு, மேல சாய்ச்சு வெச்ச கண்ணாடில நீங்க பாப்பீங்க, கடைசில ஒரு வாய் ருசி. ஏற்கனவே நல்லா சமைக்கிறவங்களுக்கு அதுல நெறைய கிடைக்கும், கத்திய ஒழுங்கா பிடிக்க தெரியாத ஆளுக்கு அது சினிமா பாத்த மாதிரிதான். எந்த ஸ்கூலா இருந்தாலும் மெயில்ல ஒரே ஒரு கேள்வி கேளுங்க, ஒரு அடுப்புக்கு எத்தனை பேர்னு. ரெண்டுன்னா சந்தோஷமா போங்க, நாலுன்னா ஒருத்தர் கிளறுவாரு, மூணு பேர் போட்டோ எடுப்பாங்க. சுத்தி வளைச்சு பதில் சொன்னா அதுவும் ஒரு பதில்தான்.

லீவு ஒட்டுமொத்தமா கிடைக்கிற ஆளுங்க அயர்லாந்து பல்லிமலூ குக்கரி ஸ்கூலயும் பாருங்க, கார்க் பக்கம் ஷனகாரில, 1983ல இருந்து நடக்குது, 100 ஏக்கர் ஆர்கானிக் பண்ணைக்குள்ளேயே. 12 வார கோர்ஸ்தான் பேர்போனது, ஆனா அரை நாள் டெமோவும் இருக்கு.

கேள்வி: தாய்லாந்துல சியாங் மாய்ல மூணு மாசம் தங்கி ரிமோட்டா வேலை பாக்கப் போறேன். நான் வெஜிடேரியன், அங்க கிளாஸ் போய் பிரயோஜனம் உண்டா?

பதில்: டூரிஸ்ட் கிளாஸ்னு மேல திட்டினேன், ஆனா சியாங் மாய் விதிவிலக்கு. அங்க பெரும்பாலான இடத்துல ஆளுக்கு ஒரு அடுப்பு, காலைல மார்க்கெட்டுக்கு கூட்டிட்டு போவாங்க, டிஷ்ஷையும் ஆளாளுக்கு தேர்ந்தெடுக்கலாம். ஆனா வெஜ்னு மட்டும் சொல்லி விட்டுடாதீங்க, இறைச்சிய எடுத்துட்டு மீன் சாஸ் ஊத்திடுவாங்க, குழம்புக்கு போடுற மசாலா பேஸ்ட்லயே இறால் விழுது அரைச்சிருக்கும். அதனால பேஸ்ட்ட நானே உரல்ல இடிக்கலாமா, ரெடியா வாங்கினதானு கேளுங்க, மீன் சாஸுக்கு பதில் சோயா சாஸ் கேளுங்க. அங்க 'ஜே'ன்னு ஒரு சாப்பாட்டு முறை உண்டு, கறி மீன் முட்டை பால் எதுவும் கிடையாது, பூண்டு வெங்காயம் கூட வராது, அந்த ஒரு சொல்ல சொன்னா சட்டுனு புரிஞ்சிடும். ஜப்பான் போறவங்களுக்கும் இதே தலைவலிதான், சூப், சாஸ் எல்லாத்துக்கும் அடியில காய்ஞ்ச மீன் சீவல்ல எடுத்த தாஷின்ற சாறு இருக்கும், கடல்பாசி ஷிட்டாகே காளான்ல எடுக்குற தாஷியும் இருக்கு, கேட்டா மாத்தி குடுப்பாங்க. இத்தாலில பார்மெசான் சீஸ் கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்குற, பால உறைய வைக்கிற ரெனட்ல செய்யுறது, ஸ்ட்ரிக்டா இருக்கிறவங்க தெரிஞ்சுக்கோங்க.

கேள்வி: இத்தாலில வீட்டுல வெச்சு சொல்லித் தர்றவங்க நல்லாருப்பாங்களா?

பதில்: 'செசரினே'ன்னு 2004ல இருந்து ஒரு நெட்வொர்க் இருக்கு, வீட்டுப் பெண்கள் அவங்க கிச்சன்லயே சொல்லித் தருவாங்க. கைப்பக்குவம் வேணும்னா அங்க போங்க, அளவு வேணும்னா போகாதீங்க. மாவு தொட்டா இப்படி இருக்கணும்னுதான் சொல்லுவாங்க.

கேள்வி: பிரான்ஸ்ல ஒரு வாரம் பேக்கிங் கிளாஸ் போனேன், அங்க பஞ்சு மாதிரி வந்துச்சு. இப்ப வேற நாட்டுக்கு மாறிட்டேன், வீட்டுல கல்லு மாதிரி வருது. என்ன தப்பு பண்றேன்?

பதில்: உங்க கை மேல தப்பு இருக்காது, மாவையும் அடுப்பையும் பாருங்க. பிரான்ஸ்ல டி55ன்னு சொல்றதும் ஜெர்மனில டைப் 550ன்னு சொல்றதும் கிட்டத்தட்ட ஒண்ணு, எரிச்சா மிஞ்சுற சாம்பல் எவ்ளோன்னு வெச்சு போட்ட நம்பர் அது. ஜெர்மன் கடைல சும்மா எடுத்தா கைல வர்றது 405, அது கேக்குக்கு சரி, பிரெட்டுக்கு 550தான். இத்தாலில 00ன்னு போட்ட மாவு எவ்ளோ வெள்ளையா சலிச்சதுன்னுதான் சொல்லும், புரோட்டீன் எவ்ளோன்னு சொல்லாது, அதுக்கு பாக்கெட் பின்னாடி பாக்கணும். அடுத்தது அடுப்பு, ஃபேன் ஓடுற அவன்னா ரெசிபில சொன்னதுல 20 டிகிரி குறைங்க, அமெரிக்க ரெசிபில 350ன்னா அது ஃபாரன்ஹீட், நம்ம செல்சியஸ்ல 180 பக்கம். ஸ்பூனும் ஏமாத்தும், ஆஸ்திரேலியா டேபிள்ஸ்பூன் 20 மில்லி, மத்த இடத்துல 15. அதனால கிளாஸ்ல குடுக்குற பேப்பர்ல கப் ஸ்பூன்னு இருந்தா அங்கயே தராசுல நிறுத்தி கிராம்ல எழுதிக்கோங்க. இன்னொண்ணும், கிளாஸ் புக் பண்றதுக்கு முன்னாடி நீங்க தங்குற வாடகை வீட்டு கிச்சன பாருங்க, ரெண்டு இன்டக்ஷன் அடுப்பு மட்டும் இருக்கிற ஸ்டூடியோல இருந்துட்டு குரோசான் கத்துக்கிட்டு என்ன பண்ண?

கேள்வி: பசங்கள கூட்டிட்டு போலாமா?

பதில்: வயசு லிமிட் கேளுங்க, நெறைய இடத்துல பெரியவங்க கிளாஸுக்குள்ள விட மாட்டாங்க. ஸ்கூல் லீவு நேரத்துல தனியா பசங்க கிளாஸ் போடுவாங்க.

கேள்வி: கத்துக்கிட்டத வெச்சு அங்கயே வீட்டுல செஞ்சு விக்கலாம்னு ஐடியா இருக்கு சிஸ்டர்.

பதில்: கத்துக்குறதுக்கு இருக்கிற அனுமதி விக்கிறதுக்கு கிடையாதுப்பா. விசிட்டர் விசால காசு வாங்கினா அது வேலை, அமெரிக்கால ஹெச்-4ல, அதாவது ஹெச்-1பில வேலை பாக்குறவங்களோட குடும்பத்துக்கான விசால இருந்தாலும் இ.ஏ.டி.ன்ற வேலை அனுமதி கார்டு இல்லாம கூடாது, தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தானேன்றதெல்லாம் செல்லாது. யூகேல வேலை செய்ய அனுமதி இருக்கிற டிபென்டன்ட்னா வழி இருக்கு, தொடங்குறதுக்கு 28 நாள் முன்னாடி கவுன்சில்ல ஃபுட் பிசினஸா பதிவு பண்ணணும், அதுக்கு காசு கிடையாது, கூடவே லெவல் 2 ஃபுட் ஹைஜீன் கோர்ஸ் ஆன்லைன்லயே முடிச்சிடலாம். அலர்ஜி லிஸ்ட்ல இருக்கிற 14 பொருள்ல எது எதுல இருக்குன்னு கேட்டா சொல்லத் தெரியணும். வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட எழுத்துல ஒப்புதல் வாங்கிட்டு அப்புறம் மாவு வாங்குங்க.