உள்ளே ரெண்டு இஞ்சு விட்டுத் தையுங்கோ

"பெண்களின் உடல்வாகைச் சொல்லும் மொத்தம், கொழுகொழு, கொடியிடை மாதிரியான சொற்களின் பொருள் மாறிவிட்டதா? உங்கள் ஊரில் இப்போது எப்படிப் பேசுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாறிவிட்டது. மொத்தம் என்றால் எங்கள் பேச்சில் உடம்பு பருத்திருப்பது. எங்கள் வீட்டில் போன மாதம் அந்த மாற்றத்தால் ஒரு கோப்பைச் சோறு அப்படியே கோழிக்குப் போனது.

நான் இலங்கையில், வன்னியில், விசுவமடுப் பக்கம், வீட்டு விறாந்தையில் ஒரு மெஷினைப் போட்டு வைத்துக்கொண்டு தைக்கிறவள். பஞ்சாபி, சாறிச் சட்டை, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை என்று எது வந்தாலும் தைப்பேன். ஒரு மகள், சாதாரண தரப் பரீட்சை எடுக்கப் போகிறாள். அம்மா எங்களோடுதான் இருக்கிறார். அன்றைக்கு மத்தியானம் மகள் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அம்மா பக்கத்தில் வந்து குந்தி அவளின் தலையைத் தடவி, "என்ரை குஞ்சு இப்பதான் மொத்தமா வடிவா வந்திட்டுது" என்றார். மகள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினாள். இரவும் சாப்பிடவில்லை. அம்மாவுக்கு என்ன நடந்தது என்றே பிடிபடவில்லை, "நான் நல்லதுதானே பிள்ளை சொன்னனான்" என்று என்னிடம் நாலு தரம் கேட்டுவிட்டார்.

அந்த ஒரு வசனத்தில் ரெண்டு சொல் இருக்கிறது. வடிவு என்பதை முதலில் பார்ப்போம். வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன், எங்கள் பேச்சில் வடிவு என்றால் அழகு. எழுத்துத் தமிழில் அது பெரும்பாலும் உருவம், ஒரு பொருளின் அமைப்பு. ஆனால் எங்களுக்குப் பெட்டை வடிவு, சாறி வடிவு, வயல் பச்சைப்பசேலென்று நின்றால் அதுவும் வடிவு. அதோடும் நிற்கவில்லை, "வடிவாப் பார்" என்றால் கவனமாகப் பார், "வடிவாச் சாப்பிடு" என்றால் வயிறு நிறையச் சாப்பிடு. உருவத்தைக் குறித்த சொல் அழகைக் குறித்து, பிறகு எதையும் ஒழுங்காகச் செய்வதையே குறிக்க வந்துவிட்டது. இந்தச் சொல்லில் எனக்குப் பிடித்ததே இதுதான், அதற்குள் ஒல்லி என்றோ மொத்தம் என்றோ ஒரு அளவும் இல்லை.

மொத்தம்தான் வில்லங்கம்.

2002இல் சமாதானம் என்று, எங்கள் பக்கத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்ததும் ரொறன்ரோவிலிருந்து சின்னம்மா வந்தார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு. ஓமந்தைச் சோதனைச் சாவடி எல்லாம் தாண்டி வான் வண்டியில் வந்து இறங்கியவரைப் பார்த்து அம்மம்மா குழறத் தொடங்கிவிட்டார், "என்ன பிள்ளை இப்பிடி வத்திப் போனாய், அங்கை சாப்பாடு இல்லையோ?" சின்னம்மாவின் முகத்தில் வந்த சந்தோஷம் இன்னும் எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது. "உண்மையா மெலிஞ்சிருக்கிறனோ அம்மா? ஒரு வருசமா ஜிம்முக்குப் போறன்" என்றார். ஜிம் என்றால் என்னவென்று விளக்கி முடிய, அம்மம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "காசு குடுத்தோ மெலியிறது?" அடுத்த நாள் வீட்டுச் சேவல் குழம்புக்குப் போனது. அப்போது எனக்கு 19 வயது, நானும் அம்மம்மாவின் பக்கம்தான். மெலிவு என்றால் எங்களுக்கு நோய், கவலை, வீட்டில் வறுமை, புருஷன் சரியில்லை. இந்த நாலில் ஒன்று. பொருளாதாரத் தடைக் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு வேறு எப்படி இருக்கும்? ஒருத்தியைக் கண்டால் "தேறிட்டாய்" என்பதுதான் வாழ்த்து. தேறுவது என்றால் சோதனையில் பாஸ் பண்ணுவது, நோயிலிருந்து எழும்புவது, உடம்பு வைப்பது, மூன்றுக்கும் ஒரே சொல்.

பிறகு 2009, போரின் கடைசி வருடம். அதை நீட்டி எழுதப் போவதில்லை. இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமுக்கு வந்து சேர்ந்தபோது என் கையில் மிஞ்சியிருந்த ஒரு காப்பு, கையைத் தூக்கினால் முழங்கை தாண்டி மேலே ஏறும், தொங்கப்போட்டால் கழன்று விழும், அதனால் சீலைத் துண்டு ஒன்றைச் சுற்றி இறுக்கி வைத்திருந்தேன். பின்னாளில் மகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும்போது, பிரிவுத் துயரில் தோள் மெலிந்து வளை கழன்று விழுந்தது என்று வரும் பாட்டுகளைப் பார்த்து, இது உவமை இல்லையடி, உண்மையாகவே கழலும் என்று சொன்னேன். திருக்குறளில் 'உறுப்புநலன் அழிதல்' என்று 124ஆவது அதிகாரமே இதற்கு இருக்கிறது. பழைய தமிழில் பெண்ணின் தோள் பருத்திருக்க வேண்டும், பணைத்தோள் என்றால் மூங்கில் மாதிரித் திரண்ட தோள், அதுதான் அழகு. தோள் மெலிந்தால் அவளுக்கு ஏதோ துக்கம். அம்மம்மா குறளை ஒருநாளும் வாசித்ததில்லை, ஆனால் அந்தக் கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது. இப்போது என்னிடம் வருகிற பிள்ளைகள் முதலில் சொல்வது, "அக்கா, கை மொத்தம், ஸ்லீவைக் கொஞ்சம் நீட்டாப் போடுங்கோ."

மகள் 2010இல் பிறந்தாள். அவள் வயிற்றில் தங்கின முதல் மாதம் என் நிறை 39 கிலோ. கிளினிக்கில் மருத்துவமாது தராசைப் பார்த்து, "நிறை காணாது பிள்ளை, திரிபோசாவை ஒழுங்கா எடும்" என்றார். திரிபோசா என்பது கிளினிக்கில் தருகிற சத்துமா. 2011இல் ஊருக்குத் திரும்பி, தகரக் கொட்டிலுக்குள் மெஷின் போட்டேன். அப்போது வந்த தாய்மார் எல்லோரும், ஒருத்தர் விடாமல், பிள்ளைகளைக் காட்டிச் சொன்னது இது: "உள்ளே ரெண்டு இஞ்சு விட்டுத் தையுங்கோ தங்கச்சி, பிள்ளை தேறுவாள்." தையல் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், சட்டையின் பக்கத் தையலுக்கு உள்ளே கொஞ்சத் துணியை வெட்டாமல் மடித்து விடுவோம். உடம்பு வைத்தால் தையலைப் பிரித்து அகலமாக்கலாம். 22 இஞ்சு இடைக்குத் தைத்த சட்டைகளை ஒரு வருடத்துக்குள் திரும்பக் கொண்டுவந்து பிரிக்கச் சொல்வார்கள், அப்படிக் கொண்டுவரும்போது அந்தத் தாய்மாரின் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் காசே வாங்குவதில்லை.

இப்போது வருகிறவர்கள் சொல்வது வேறு. "அளவிலை ஒரு இஞ்சு குறைச்சுத் தையுங்கோ அக்கா, கலியாணத்துக்கிடையிலை மெலிஞ்சிடுவன்." மெலிவதில்லை. கலியாணத்துக்கு முதல்நாள் இரவு பத்து மணிக்கு வந்து அழுவார்கள், நான் பிரிக்கத் துணி இல்லாமல் கக்கத்துக்குக் கீழே ஒட்டுப்போட்டுக் கொடுப்பேன்.

குண்டு என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது இந்திய நாடகங்களோடு இங்கே வந்தது. எங்களுக்குக் குண்டு என்றால் கிபிர் விமானம் போட்டது. ஒருநாள் மகளின் சிநேகிதிகள் வீட்டு முற்றத்தில் "குண்டு, ஏய் குண்டு" என்று யாரையோ கூப்பிட, குசினிக்குள் இருந்த அம்மா கையிலிருந்த அகப்பையைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவந்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று வையுங்கள், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கட்டையும் இப்படித்தான். எங்கள் பேச்சில் கட்டை என்றால் உயரம் குறைவு. படத்தில் பாட்டில் கேட்டு ஊர்ப் பெடியன்கள் ஒரு பெட்டையைப் பார்த்து "செமக் கட்டை" என்று சொல்ல, அம்மா நியாயம் கேட்கப் போனார், "அவள் எங்கையடா கட்டை? நல்ல உயரமான பிள்ளையெல்லோ." சரக்கு என்ற சொல்லை இவர்கள் கெடுத்ததுதான் எனக்குப் பொறுக்காது. சரக்கு என்பது பிள்ளை பெற்றவளுக்கு மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி எல்லாம் சேர்த்து அம்மியில் அரைத்துக் காய்ச்சிக் கொடுப்பது. பெண்ணின் உடம்பைத் தேற்றுகிற ஒரு பொருளின் பெயரை எடுத்துப் பெண்ணின் உடம்புக்கே வைத்து விலை பேசுகிறார்கள்.

கொடியிடை, துடியிடை பற்றிக் கேட்டீர்கள். துடி என்றால் உடுக்கு. நடுவில் ஒடுங்கி ரெண்டு பக்கமும் விரிந்த பறை, அம்மன் கோயிலில் அடிப்பார்களே, அதுதான். இப்போது பிள்ளைகள் போனைக் காட்டி, "அக்கா நான் ஹவர்கிளாஸ் சேப்போ, பேரிக்காய் சேப்போ?" என்று கேட்கிறார்கள். மணல் கடிகாரத்தை நான் கண்ணால் கண்டதில்லை, பேரிக்காயைக் கொழும்பில் ஒருக்கால் கண்டிருக்கிறேன். ஹவர்கிளாஸ் என்பது உடுக்குத்தான் என்று நான் சொன்னதும் ஒருத்திக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும்! பழைய புலவர்களையும் நான் சும்மா விடமாட்டேன். இடை இருக்கோ இல்லையோ என்று சந்தேகப்படுகிற அளவுக்கு மெல்லிசாக இருக்க வேண்டும், ஆனால் மேலும் கீழும் பருத்திருக்க வேண்டும் என்றால் அந்த அளவுக்குச் சட்டை வெட்டச் சொல்லிப் பாருங்கள், ஒரு தையல்காரியும் சம்மதிக்க மாட்டாள். ஒன்று மட்டும் அவர்களிடம் பிடித்திருக்கிறது, பெண்ணின் நடையைப் பிடியின் நடை என்றார்கள். பிடி என்றால் பெண் யானை. எங்கள் வயல்களுக்கு யானை வரும், வெடி கொளுத்தித்தான் கலைப்பது. கலைத்தாலும் அது அவசரப்படாமல், தன் பாட்டில், நிமிர்ந்து போகும். அதைக் கண்டவனுக்குத்தான் அந்த உவமை விளங்கும். இப்போது ஒரு பெட்டையை யானை மாதிரி என்று சொல்லிப் பாருங்கள்.

இதற்குள் கிளினிக்கின் கணக்கும் சேர்ந்துவிட்டது. உடற்றிணிவுச் சுட்டி, பிஎம்ஐ என்பார்களே, அது. நிறையை உயரத்தின் வர்க்கத்தால் பிரிப்பது. 18.5க்குக் கீழே என்றால் நிறை குறைவு, பொதுவாக 25 தாண்டினால் நிறை அதிகம், ஆனால் ஆசியர்களுக்கு 23இலேயே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. 155 சென்ரிமீற்றர் உயரமான ஒருத்திக்கு அந்த 18.5க்கும் 23க்கும் இடைப்பட்ட அளவு ஏறக்குறைய 44 கிலோவுக்கும் 55 கிலோவுக்கும் இடையில் வரும். இதைத் தேடி வாசித்தபோது, கணக்கைப் போட்டவர் 19ஆம் நூற்றாண்டில் இருந்த கெட்டலே என்ற பெல்ஜியக் கணித அறிஞர், மருத்துவரே இல்லை என்று தெரிந்தது. அந்தப் பெயரை 1972இல் வைத்த ஆய்வும் ஆண்களின் உடம்புகளை வைத்தே செய்யப்பட்டது. அதற்காகக் கணக்கு பிழை என்று நான் சொல்லவில்லை. சலரோகமும் (நீரிழிவு) பிரஷரும் எங்கள் ஊரிலும் வீட்டுக்கு வீடு இருக்கிறது, எனக்கே இப்போது 66 கிலோ, 39ஐப் பார்த்துத் திரிபோசா எடுக்கச் சொன்ன கிளினிக்கிலேயே இப்போது சோற்றைக் குறைக்கச் சொல்கிறார்கள், அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் "மொத்தம்" என்று அம்மா சொன்னது இந்தக் கணக்கில் எந்த இலக்கமும் இல்லை. பிள்ளைக்குப் பசி தெரியாமல் வளர்த்துவிட்டோம் என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார்.

புதிதாகச் சில நல்ல சொற்களும் வந்திருக்கின்றன, கேர்வி, பிளஸ் சைஸ், சப்பி. சின்னம்மாவின் மகள் வட்ஸ்அப்பில் என் மகளிடம் "யூ ஆர் கேர்வி" என்று சொல்லித் தேற்றினாள். மகள் அதை ஒருநாள் நம்பினாள். அடுத்த நாள், "கேர்வி எண்டால் மொத்தத்துக்கு மரியாதையான பேர்தானே அம்மா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. கொழுப்பு என்ற சொல்லை நினைத்துக்கொண்டேன். வாய் காட்டினால் "உனக்குக் கொழுப்பு" என்று ஏசுகிறோம், டொக்டரிடம் போனால் "இரத்தத்தில் கொழுப்பு" என்கிறார், கோழிக்குஞ்சைப் பார்த்து மட்டும் "நல்லாக் கொழுத்திருக்கு" என்று சந்தோஷப்படுகிறோம். எந்தச் சொல்லைக் கொண்டுவந்து வைத்தாலும் பார்க்கிற கண் அதே கண்தான் என்றால் ரெண்டு வருடத்தில் அதுவும் புளித்துவிடும் என்று நினைக்கிறேன், ஆனால் நான் தையல்காரி, மொழி ஆராய்ச்சிக்காரர்கள் வந்து திருத்தட்டும்.

அப்புறம், போன கிழமை மகளுக்கு வாணி விழாவுக்குச் சாறிச் சட்டை தைத்தேன். இடை 30. அம்மா பக்கத்தில் இருந்து ஊசி கோத்துத் தந்துகொண்டிருந்தார். மகள் சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றி, உட்பக்கத்தைப் பிரட்டி, "இதென்ன இவ்வளவு துணி?" என்றாள். பிறகு தேவைப்பட்டால் பிரிக்கலாம் என்றேன். "வெட்டி விடுங்கோ அம்மா, இது உள்ளுக்குக் கிடந்தா இன்னும் மொத்தமாத் தெரியும்."

அம்மா ஒன்றும் பேசாமல் மெஷின் மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்துத் தன் மடிக்குள் வைத்துக்கொண்டார்.