கரும்பும் கரிப்பூட்டையும்: அந்தக் கறுப்புச் சாட்டை யாருடையது?

கரும்பின் நுனியில் சாட்டைபோல் கறுப்பாக நீண்டு வருவது அதன் பூதானே, அதை ஏன் கரிப்பூட்டை என்னும் பூஞ்சை நோய் என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் முறையாகக் கரும்பு நட்டவராக இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். இதே கேள்வியை என் தந்தையார் கேட்டபோது, எங்கள் பகுதி மருந்துக் கடைக்காரர் ஒருவர் "பூதான், தானாக உதிர்ந்துவிடும்" என்று அடித்துச் சொன்னதும், அதை நம்பி விட்டுவைத்த வயலில் அடுத்த மறுதாம்பு (வெட்டிய தூரிலிருந்து மீண்டும் துளிர்க்கும் பயிர்) கோரைப் புதர்போல் மெலிந்து நின்றதும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கரும்பு, நெல்லையும் மூங்கிலையும் போல ஒரு புல். வெயிலைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும். கரிப்பூட்டை பச்சையம் இல்லாத பூஞ்சை. 1877இல் தென்னாப்பிரிக்காவின் நாட்டால் பகுதியில் முதலில் பதிவானது. அதன் செல்சுவரில், பூச்சிகளின் ஓட்டில் உள்ள கைட்டின் என்னும் பொருள் உண்டு. உறவுமுறை பார்த்தால் செடிகளைவிட விலங்குகளுக்கே நெருக்கம். ஏட்டளவில் இவ்வளவு எளிது.

வயலில்தான் குழப்பம். அந்தச் சாட்டையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், நடுவில் இருப்பது கரும்பின் சொந்தத் திசு. அதைச் சுற்றிக் கரித்தூளாகப் பூஞ்சையின் வித்துகள், அதாவது அது பரவ உதவும் நுண்துகள்கள். இளஞ்சாட்டையில் அவற்றின்மேல் வெள்ளிநிற மெல்லிய சவ்வு. கணுவில் உள்ள பரு (முளை) வழியாக நுழைந்த பூஞ்சை குருத்தின் வளர்நுனியைத் தன்வசமாக்கி, கரும்பையே தனக்காக அப்படி வளர வைக்கிறது. ஆகவே "அது முழுக்கப் பூஞ்சை" என்பதும் சரியன்று. பயிர் நோயியல் படித்தவர்கள் நான் மிகவும் சுருக்கிவிட்டதாகச் சண்டைக்கு வரலாம். வயலில் நிற்பவருக்கு இது போதும் என்பது என் எண்ணம்.

உண்மையான கரும்புப் பூ, விளைந்த கரும்பில் வெண்மையாகக் கிளைத்து, பஞ்சுபோல் காற்றில் ஆடும். சாட்டை கிளைக்காது, சில அங்குலத்திலிருந்து ஆளுயரம் வரை வளைந்து நீளும், தொட்டால் விரலில் கரி ஒட்டும், நட்ட சில மாதங்களிலேயே தோன்றலாம். அது வெளிப்படும் முன்பே தூரில் புல்லைப்போன்ற ஒல்லிக் குச்சிகள் மிகுதியாகக் கிளம்பும். நான் முதலில் தேடுவது அதைத்தான்.

கண்டவுடன் சாட்டையை வெறுங்கையால் ஒடிக்காதீர்கள். வித்துகள் காற்றில் பரவிவிடும். கோணிப்பையால் மூடிக்கட்டி, பிறகு அறுத்து எரித்துவிட்டு, தூரையும் வேரோடு தோண்டி அகற்றுங்கள். அந்த வயலில் மறுதாம்பு விடாதீர்கள், அதிலிருந்து விதைக் கரணையும் (நடுவதற்கான கரும்புத் துண்டு) எடுக்காதீர்கள், யார் சும்மா கொடுத்தாலும், எந்தக் கடைக்காரர் உறுதி சொன்னாலும்.