அன்னதானமும் சுயநலமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மனிதன் லாபக் கணக்கு பார்த்தே நடக்கிறான் என்னும் பொருளாதாரக் கொள்கையை மறுத்து எழுதியிருந்தீர்கள். குடியாத்தம் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. பக்கத்து நிலத்துக்காரர் 800 அடிக்கு போர்வெல் போட்டார்; எங்கள் கிணறு வற்றியது; நாங்கள் 1,000 அடிக்குப் போட்டோம். வேறு வழி? அன்னதானம் செய்கிறவர்கூடத் தன் மனநிறைவுக்காகத்தான் செய்கிறார். எல்லாமே சுயநலம்தானே?

ஒரு வாசகர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

போர்வெல் விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆளாளுக்குத் தன் கணக்கைச் சரியாகப் பார்த்தும் ஊர் மொத்தமும் நஷ்டப்படும் என்பதை, பொது மேய்ச்சல் நிலத்தை வைத்து அமெரிக்கச் சூழலியலாளர் காரெட் ஹார்டின் 1968இல் எழுதினார். உங்கள் தோப்பில் நடந்ததும் அதுதான்.

அன்னதானத்தைத்தான் விட மாட்டேன். கொடுத்தாலும் சுயநலம், கொடுக்காமல் பூட்டிவைத்தாலும் சுயநலம் என்றால் அந்தச் சொல் எதையும் விளக்கவில்லை. எது நடந்தால் உங்கள் கொள்கை பொய்யாகும்? பொருளாதார அறிஞர் அமர்த்திய சென் 1977இல் எழுதிய கட்டுரை இந்த இடத்தில்தான் கை வைத்தது. ஒருவர் தேர்ந்தெடுப்பதே அவர் விருப்பம், விருப்பமே அவர் நலன் என்று வரையறுத்துவிட்டால், அவர் என்ன செய்தாலும் தன் நலனைப் பெருக்குகிறவராகவே தெரிவார். பிறர் படும் பாட்டைக் கண்டு நம் மனம் நோவதால் உதவுவது ஒன்று. நமக்கு நோகாதபோதும், கைப்பொருள் போனாலும், அநியாயம் என்று தெரிந்ததைத் தடுக்க முனைவது வேறொன்று என்று சென் பிரித்தார். இரண்டாவதில் நம் நலனே குறையலாம். மனநிறைவு வருவது உண்மைதான். ஆனால் பசித்தவருக்குச் சோறிடுவது சரி என்று முன்பே நம்புகிறவருக்குத்தானே அந்த நிறைவு வரும்?

இனி, போர்வெல்லுக்கு முன் ஊர் வயல்களுக்குத் தண்ணீர் தந்த ஏரிக்கு வருகிறேன். தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் நீர்க்கட்டி என்னும் ஊர்ப் பணியாளர் மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்று, முறை வைத்து ஒவ்வொரு மடையாகத் திறந்து அடைப்பார். கடைமடை வயலுக்கும் தண்ணீர் போகும். அறுவடையில் களத்து நெல்லே அவருக்குக் கூலி. பல ஊர்களில் நிலமற்ற தலித்துகள் தலையில் கட்டப்பட்ட வேலை அது. அந்தக் கொடுமையை மறைத்து நான் பழைமையைப் புகழ மாட்டேன். இருந்தாலும் அன்று முறைக்குக் காத்திருந்த குடும்பங்கள்தான் இன்று 1,000 அடி தோண்டுகின்றன. சுயநலம் இரு காலத்துக்கும் பொது என்றால், இந்த மாற்றம் எங்கிருந்து வந்தது?

ஏற்பாட்டிலிருந்து. ஏரித் தண்ணீர் எல்லோர் கண்ணிலும் படும்; மடையைத் திருட்டுத்தனமாக வெட்டினால் ஊர் கேட்கும். நிலத்தடி நீரோ கண்ணுக்குத் தெரியாது. மோட்டார் அவரவர் கொட்டகையில். விவசாய மின்சாரம் இலவசம். எவ்வளவு இறைத்தாய் என்று கேட்க ஆளில்லை. பயன்படுத்துகிறவர்களே விதி வகுத்து, கண்காணித்து, மீறியவரைத் தண்டித்துப் பொதுவளத்தைக் காத்த பல நாட்டு உதாரணங்களை அமெரிக்க அரசியல் அறிஞர் எலினார் ஆஸ்ட்ரோம் 1990இல் நூலாக்கினார்; 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். மனிதன் கணக்குப் பார்ப்பதை அவர் மறுக்கவே இல்லை. எந்த விதிகளுக்குள், யாரை நம்பிப் பார்க்கிறான் என்று கேட்டார்.

அதையே உங்களிடமும் கேட்கிறேன். அடுத்த போர்வெல்லுக்குக் கடன் வாங்கும் முன், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் இறைப்பது என்று பக்கத்து நிலத்துக்காரரிடம் எப்போதாவது பேசியதுண்டா? பேசியிருந்தால், அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.