துப்புரவு மீனும் கல்லாப்பெட்டியும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

துப்புரவு மீன் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். கூட்டத்தின் ஆண் செத்ததும் பெரிய பெண்மீன் ஆணாகிவிடுமாம். குடும்பத்துக்கு ஆண் தலைமை வேண்டும் என்று இயற்கையே காட்டுகிறது அல்லவா? இதை வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாமா? தமிழில் வேறு பெயர் உண்டா?

ச.

அன்புள்ள ச.,

தொட்டி வேண்டாம் தம்பி. மற்ற மீன்களின் உடம்பிலும் வாய்க்குள்ளும் இருக்கும் ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்று பிழைப்பது அது. தொட்டியில் பெரும்பாலும் மெலிந்தே சாகும். பெயரை அப்புறம் பார்க்கலாம்.

முதல் கேள்விதான் என்னைக் கோபப்படுத்தியது. பாதியைப் படித்துவிட்டுத் தீர்ப்பு எழுதுகிறீர்களே! ஆஸ்திரேலியாவின் ஹெரான் தீவுப் பவளத்திட்டில் இதைக் கவனித்து 1972இல் எழுதியவர் ராபர்ட்சன் என்ற ஆய்வாளர். ஆண் போன ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் மூத்த பெண் ஆணைப் போலவே மற்றவற்றை விரட்ட ஆரம்பிக்கிறது. இரண்டு வாரம் கழிந்தால் விந்தும் சுரக்கிறது. காரணம் என்ன? உயிரோடு இருந்தவரை அந்த ஆண் பெண்களை மிரட்டி மிரட்டி மாறவிடாமல் அடக்கி வைத்திருந்தது என்கிறார் அவர். மாறும் திறன் அவளுக்குள் முன்பே இருந்தது, தம்பி. தடுத்தவன் போனான், அது வெளியே வந்தது. இதில் எங்கே இருக்கிறது ஆண் தலைமைக்கான சான்று?

கோமாளி மீனில் பெண்தான் பெரியது, அதுதான் தலைமை. அது செத்தால் அதன் ஜோடி ஆண் பெண்ணாகிவிடும். அதைக் காட்டி நான் வாதாடினால் ஒப்புக்கொள்வீர்களா?

இது அம்மாவின் திதி வாரம். உங்கள் கடிதம் வந்தபோது அவளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு மளிகைக் கடை. அம்மா கல்லாப் பக்கம் வந்தாலே "உனக்கென்ன தெரியும்" என்பார். பருப்பு புடைப்பது, பொட்டலம் கட்டுவது, இவ்வளவுதான் அவளுக்கு விட்ட வேலை. அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் விடியற்காலையில் அவளே கடையைத் திறந்தாள். கடன் நோட்டைப் புரட்டாமலே யார் யார் எவ்வளவு பாக்கி என்று சொன்னாள். பொட்டலம் கட்டிக்கொண்டே பத்தொன்பது வருடம் காதில் வாங்கிய கணக்கு அது.

"ஆம்பளை மாதிரி நிக்கிறா" என்றார்கள் ஊரார். பாராட்டாகத்தான் சொன்னார்கள், இன்றைக்கும் எனக்கு அது எரிகிறது. அம்மா சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, "துவரம்பருப்பு எவ்வளவு போடட்டும்?" என்று கேட்டாள்.